மணிக்கணக்கில் இசை, நிமிடக்கணக்கில் ஓட்டம்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரையான நான்கு வகுப்புகள். ஒரு மாணவர் பள்ளியை முடித்துவிட்டார் என்று சொல்ல, நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வு எதுவும் அங்கே இல்லை. நான்கு ஆண்டில் சேர்த்த கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகைதான் சான்றிதழ் வாங்கித் தருகிறது. ஒரு பாடத்தை ஓராண்டு படித்துத் தேறினால் ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை. டெக்சஸ் மாநிலத்தின் அடிப்படைத் திட்டத்தில் 22 கிரெடிட் வேண்டும். ஆங்கிலத்துக்கு 4, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றுக்கும் மும்மூன்று, வேற்றுமொழிக்கு 2, உடற்கல்விக்கு 1, நுண்கலைக்கு 1. இதுவரை கூட்டினால் 17 வரும். மீதி ஐந்தும் விருப்பப் பாடங்கள். நியூயார்க்கிலும் மொத்தம் அதே 22தான். ஆனால் அங்கே உடற்கல்விக்கு 2, சுகாதாரத்துக்கு அரை, கலைக்கு 1, விருப்பத்துக்கு மூன்றரை.

மாநிலம் விதிப்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கூட்டிக்கொள்ளும் உரிமை பள்ளி மாவட்டத்துக்கு உண்டு. (மாவட்டம் என்றதும் கலெக்டர் நினைவுக்கு வரக்கூடாது. சில பள்ளிகளைச் சேர்த்து, ஊர்க்காரர்கள் ஓட்டுப்போட்டு அமர்த்தும் ஒரு குழு நிர்வகிக்கும் வட்டாரம் அது.) ஆகவே அமெரிக்கப் பள்ளியில் எல்லாம் இப்படித்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. ஒன்று மட்டும் ஏறக்குறைய எங்கும் பொது. பாட்டு, ஓவியம், தச்சு, ஓட்டம் எல்லாம் பள்ளி நேரத்துக்குள்ளேயே, தனி ஆசிரியர், தனி அறை, மதிப்பெண் ஆகியவற்றோடு நடக்கின்றன. அவற்றுக்கு இந்த இடம் கிடைத்ததில் கலைமீதான காதலுக்குப் பங்கு உண்டு. கணக்கு முறைக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

பென்ஷன் கொண்டுவந்த அளவுகோல்

1892-இல் தேசியக் கல்விச் சங்கம் பத்துப் பேர் குழு ஒன்றை அமைத்து, உயர்நிலைப் பள்ளியில் எதைக் கற்பிக்கலாம் என்று கேட்டது. தலைவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட். மாணவர் தாமே பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையை ஹார்வர்டில் வேரூன்றச் செய்தவர் அவர். அவருடைய குழு பாடத்துக்கொன்றாக ஒன்பது துணை மாநாடுகளைக் கூட்டியது. லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம், பிறமொழிகள், கணிதம், இயற்பியல், உயிரியல், வரலாறு, புவியியல் என்று பட்டியல் போயிற்று. இசைக்கும் உடற்பயிற்சிக்கும் மாநாடு இல்லை.

கதவைத் திறந்துவிட்டது ஒரு பணக்காரரின் தர்மம். 1905-இல் எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னெகி, ஓய்வுபெறும் கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். யாருக்குக் கொடுப்பது? எது கல்லூரி, எது பெரிய பள்ளிக்கூடம் என்றே அன்று தெளிவில்லை. ஆகவே 1906-இல் அவர் பெயரிலான அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது: உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 அலகு படித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கே பென்ஷன். ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் ஏறக்குறைய 120 மணி நேர வகுப்பு. பென்ஷனுக்காகக் கல்லூரிகள் பணிந்தன. கல்லூரிச் சேர்க்கைக்காகப் பள்ளிகள் பணிந்தன. இன்றைய கிரெடிட்டின் தாத்தா இந்தக் ‘கார்னெகி அலகு’தான்.

அது அளந்தது அறிவை இல்லை, நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தை. கல்வியாளர்கள் நூறாண்டாக அதைக் குறைசொல்லி வருகிறார்கள், குறை நியாயமானதும்கூட. ஆனால் அதில் எதிர்பாராத ஒரு நன்மை ஒளிந்திருந்தது. நேரமே அளவுகோல் ஆகிவிட்டபின், 120 மணி நேர லத்தீனையும் 120 மணி நேர டிராம்போனையும் ஒரே மரக்காலால் அளக்கலாம். எலியட் குழு அழைக்காத விருந்தாளிகள் இப்படிப் பின்வாசல் வழியே வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள்.

1917-இல் வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகிய பாடங்களுக்கு மத்திய அரசு பணம் தரும் சட்டம் வந்தது. 1918-இல் உயர்நிலைக் கல்வியின் ஏழு நோக்கங்கள் என்று ஓர் அறிக்கை வெளியானது. ஏழில் முதலாவது உடல்நலம். ஓய்வு நேரத்தைப் பயனுள்ளபடி கழிக்கக் கற்பதும் அந்த ஏழில் ஒன்று. மாணவர் கூட்டமும் அந்த ஆண்டுகளில் பெருகிக்கொண்டே போனது. வந்தவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போகிறவர்கள் இல்லை.

பட்டியலும் அதன் சிக்கலும்

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கும். பள்ளி ஒரு பாடப்பட்டியலை வெளியிடும். பெரிய பள்ளி என்றால் அது நூறு பக்கத்தைத் தாண்டுவதும் உண்டு. மட்பாண்டம், புகைப்படம், நாடகம், உளவியல், கணினி நிரல், கார் பழுதுபார்ப்பு, தச்சு, சமையல், இதழியல் என்று வரிசை நீளும். தச்சுப் பட்டறையில் பாதுகாப்புத் தேர்வில் ஒரு கேள்விகூடத் தப்பாமல் எழுதினால்தான் ரம்பத்தைத் தொடலாம் என்பது பல பள்ளிகளில் உள்ள விதி. குழந்தை வளர்ப்பு வகுப்பில் ஒரு மின்பொம்மையை வாரக்கடைசிக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அது நடுராத்திரியில் அழும். தூக்கிச் சமாதானம் செய்யவேண்டும். எத்தனை நிமிடம் அழவிட்டார் என்று பொம்மையே குறித்துவைக்கும். ஆண்டு மலர் தயாரிப்பதும் ஒரு பாடம். படம் எடுப்பது, பக்கம் அமைப்பது, விளம்பரம் பிடிப்பது, அச்சகத்தின் கெடுவுக்குள் முடிப்பது எல்லாம் மாணவர் வேலை.

மாணவர் பட்டியலில் குறியிடுகிறார், பெற்றோர் கையெழுத்திடுகிறார், ஆலோசகர் சரிபார்க்கிறார். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவருக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல மாநிலங்களில் எண்ணிக்கை அதைத் தாண்டிவிடுகிறது. அப்புறம்தான் உண்மையான தலைவலி. பள்ளியின் மொத்தக் கால அட்டவணையைப் பின்னவேண்டும். பொது ஆங்கில வகுப்பு நாளில் பத்துத் தடவை நடக்கும். எந்தப் பீரியடிலும் ஒருவரைச் செருகிவிடலாம். ஆர்க்கெஸ்ட்ரா ஒரே தடவைதான் நடக்கும், உயர்நிலை இயற்பியலும் ஒரே தடவைதான். இரண்டும் நான்காம் பீரியடில் மோதினால் மாணவர் ஒன்றைக் கைவிடவேண்டியதுதான். விருப்பப் பாடம் என்ற பெயரில் இருக்கும் ‘விருப்பம்’ பல சமயம் இந்த மோதலில்தான் தீர்மானமாகிறது. தப்பிக்க ஒரு வழி ‘பூஜ்யப் பீரியட்’: முதல் மணிக்கு முன்பே, காலை ஏழு மணி வாக்கில் நடக்கும் வகுப்பு. ஜாஸ் இசைக்குழுக்கள் பல அந்த நேரத்தில்தான் ஊதுகின்றன. அண்டை வீட்டார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

மோதல் இல்லாவிட்டாலும் இன்னொரு கணக்கு குறுக்கே நிற்கும். கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களில் ‘ஏ’ வாங்கினால் பல பள்ளிகள் 5 புள்ளி தரும். சாதாரணப் பாடத்தில் அதே ‘ஏ’வுக்கு 4 புள்ளி. ஆறு ஏ.பி. பாடங்களிலும் ‘ஏ’ வாங்கிய ஒருவரின் சராசரி 5.0. அவர் ஏழாவதாக இசைக்குழுவில் சேர்ந்து அங்கும் ‘ஏ’ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 34-ஐ ஏழால் வகுத்தால் 4.86. ஒரு குறையும் வைக்காமல் வாசித்ததற்காகச் சராசரி இறங்குகிறது! முதலிடத்துக்குப் போட்டியிடும் மாணவர்கள் 11-ஆம் வகுப்பில் வயலினைப் பெட்டியில் வைத்து மூடுவதற்கு இந்த வகுத்தல் ஒரு முக்கியக் காரணம். சில மாவட்டங்கள் மூத்த இசைக்குழுக்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் ‘ஹானர்ஸ்’ தகுதி கொடுத்து இதைச் சரிக்கட்டப் பார்க்கின்றன.

எதிர்த்திசையில் இழுக்கும் கயிறும் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்கும் 15 ஓராண்டுப் பாடங்கள் ஏ முதல் ஜி வரை எழுத்துகளால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதில் ‘எஃப்’ பிரிவு காட்சிக்கலை அல்லது நிகழ்த்துகலையில் ஓராண்டு. பள்ளியில் ‘எஃப்’ என்றால் தோல்வி. இங்கே அது ஓவியமும் பாட்டும். ‘ஜி’ என்பது கல்லூரிக்கு ஆயத்தமாக்கும் விருப்பப் பாடம் ஒன்று. உடற்கல்விக்கு அந்தப் பட்டியலில் எழுத்து இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு இந்தப் பட்டியல் முதலில் மிரட்சி தருவது இயல்பு. பதினொன்றாம் வகுப்பில் ‘எந்த குரூப்?’ என்ற ஒரே கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டு ஓய்ந்தவர்கள் அவர்கள். இங்கே ஆண்டுதோறும் ஏழு கேள்வி. ‘செராமிக்ஸ் எடுக்கிறேன்’ என்று பிள்ளை சொன்னால், ‘பானை செய்யவா இவ்வளவு தூரம் வந்தோம்?’ என்று வீட்டில் ஒரு குரல் எழும். வேற்றுமொழிக் கிரெடிட்டில் மட்டும் தமிழுக்கே ஒரு வாய்ப்புண்டு. வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் படித்ததற்குச் சில பள்ளி மாவட்டங்கள் கிரெடிட் தருகின்றன. இரண்டு மொழியில் தேர்ச்சி பெற்றதற்காகச் சான்றிதழில் முத்திரை இடும் முறையைக் கலிஃபோர்னியா 2011-இல் சட்டமாக்கியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

பேண்ட் அறை

பொதுப் பள்ளியில் இசை நுழைந்தது பாஸ்டனில், 1838-இல். அதற்கு முந்தைய ஆண்டு லோவல் மேசன் என்பவர் ஒரு பள்ளியில் சம்பளம் வாங்காமலே பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைப் பாடவைத்துக் காட்டினார். பள்ளிக்குழு மனம் மாறி இசையைப் பாடமாக ஏற்றது. வாத்தியங்கள் வரக் கூடுதல் காலம் பிடித்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவ பேண்டுகள் கலைந்தன; ஊர் ஊராகப் போன தொழில்முறை பேண்டுகளுக்கும் மவுசு குறைந்தது. விற்காத ஊதுகருவிகளை யாரிடம் விற்பது என்று உற்பத்தியாளர்கள் யோசித்தார்கள். 1923-இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. அதை நடத்த முன்னின்றவர்கள் அந்த உற்பத்தியாளர்களே. வியாபார நோக்கம்தான். ஆனாலும் சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் உயர்நிலைப் பள்ளி பேண்ட் முளைத்தது. 1928-இல் ஜோசப் மேடி மிச்சிகனின் இன்டர்லாக்கன் காட்டில் தொடங்கிய கோடைகால இசை முகாம் அந்த அலையின் உச்சம். இன்றும் அது நடக்கிறது.

பெரிய பள்ளிகளில் இசை மூன்று கிளையாகப் பிரியும்: ஊதுகருவிகளும் தாளமும் சேர்ந்த பேண்ட், வில்லால் இசைக்கும் தந்திக்கருவிகளின் ஆர்க்கெஸ்ட்ரா, நான்கு குரல்வகை சேர்ந்து பாடும் கொயர். தென் டெக்சஸில் மெக்சிகோ மரபின் மரியாச்சிக் குழுவும் ஒரு பாடம். ஒவ்வொரு கிளைக்கும் படிநிலைகள் உண்டு. மேலே ஏற ஆடிஷன் உண்டு. கருவி விஷயத்தில் பொதுவான வழக்கம் ஒன்றிருக்கிறது. டியூபா, டிம்பனி போன்ற பெரியவற்றைப் பள்ளி வாங்கிவைக்கும். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின் போன்றவற்றை மாணவர் கடையில் மாதவாடகைக்கு எடுப்பார். சில ஆண்டு வாடகை கட்டினால் கருவி அவருக்கே சொந்தமாகும்.

பேண்ட் அறையின் தரை படிப்படியாக உயர்ந்து அரைவட்டமாக இருக்கும். சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகள். முதல் ஐந்து நிமிடம் கருவி பூட்டும் நேரம். கிளாரினெட்காரர்கள் எல்லாரும் வாயில் ஒரு துண்டு மூங்கில்போல எதையோ சப்பிக்கொண்டிருப்பார்கள். அது ரீட். நாதசுரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. நாணல் தண்டில் செய்த அது ஈரமானால்தான் பேசும். கனத்துக்கு ஏற்ப எண் உண்டு. தொடக்க மாணவர் 2 அல்லது 2½, தேர்ந்தவர் 3-க்கு மேல். பிறகு சுருதி சேர்ப்பு. ஆர்க்கெஸ்ட்ரா ‘ஏ’ சுரத்தில் சேரும், பேண்ட் ‘பி ஃபிளாட்’டில். காரணம், பேண்டின் கருவிகளில் பல அந்தச் சுருதியிலேயே செய்யப்பட்டவை. கிளாரினெட்காரர் தன் தாளில் ‘சி’ என்று பார்த்து ஊதினால் காதில் விழுவது ‘பி ஃபிளாட்’.

கர்நாடக வயலின் கற்ற பிள்ளைகள் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்வது இப்போது அரிதில்லை. வீட்டில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்த கை, பள்ளியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தாடைக்கும் தோளுக்கும் இடையே கருவியைக் கவ்விக்கொள்ள வேண்டும். தந்திகளின் சுருதியும் வேறு: வீட்டில் ஸ-ப-ஸ-ப, பள்ளியில் ஜி-டி-ஏ-ஈ. கமகத்துக்கு வழுக்கிப் பழகிய விரலை அங்கே ஓரிடத்தில் ஊன்றி நிறுத்தவேண்டும். காதிலேயே பாடம் ஏற்றியவர்கள் தாளைப் பார்த்து வாசிக்கத் திணறுவதும், மனப்பாடத்தில் மற்றவர்களை முந்திவிடுவதும் இயல்பாக நடப்பவை.

ஆகஸ்டில், பள்ளி திறக்கும் முன்பே, பேண்ட் முகாம் தொடங்கிவிடும். இலையுதிர்கால வெள்ளிக்கிழமை மாலைகளில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் காட்ட வேண்டிய ஏழெட்டு நிமிட நடைக்காட்சிக்கான பயிற்சி. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அடிப்படை நடை ‘எட்டுக்கு ஐந்து’: ஐந்து கஜத்தை எட்டு அடிவைப்பில் கடக்கவேண்டும். அப்படியென்றால் ஓர் அடிவைப்பு சரியாக 22½ அங்குலம். நெட்டையோ குட்டையோ, எல்லாருக்கும் அதே 22½. ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்புத்தாள். எந்தத் தாளத்தில், எந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று அதில் இருக்கும். பாதம் குதிகாலில் விழுந்து உருண்டு எழும். இடுப்புக்கு மேலே அசைவே இருக்கக்கூடாது. அசைந்தால் மூச்சு குலுங்கும், சுரம் நடுங்கும். உடம்பைச் சுற்றி மலைப்பாம்புபோலக் கிடக்கும் சூசபோனைச் சுமப்பவர் நிலைமை இன்னும் கடினம். பித்தளையில் செய்தது பத்துக் கிலோவுக்குக் குறையாது. பேண்ட் தலைவர் ஜான் ஃபிலிப் சூசா 1890-களில் கச்சேரி மேடைக்கென்று கேட்டுச் செய்வித்த கருவி அது. மைதானத்துக்கு அது தானாக வந்து சேர்ந்தது. மேடைமேல் நின்று கையசைத்து அத்தனை பேரையும் நடத்துபவரும் ஒரு மாணவரே.

பகலில் பாடம், மாலையில் போட்டி என்ற இந்த இரட்டை வாழ்க்கையால் சட்டச் சிக்கல்களும் வருகின்றன. டெக்சஸ் 1984-இல் ஒரு விதி கொண்டுவந்தது: எந்தப் பாடத்திலாவது தோற்றால் சில வாரங்களுக்குப் போட்டிகளில் பங்கேற்பு கிடையாது. கணக்கில் தோற்ற டிரம்பெட்காரர் பீரியடில் ஊதலாம், மைதானத்தில் ஊத முடியாது. வகுப்பு நேரத்துக்கு வெளியே பயிற்சி வாரத்துக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அங்கே விதி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது இசையின் நிரந்தரப் பிரச்சினை. 1978-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றிச் சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். பள்ளிகளின் வருமானம் சுருங்கியது; முதலில் வெட்டுப்பட்டவற்றில் இசையும் ஓவியமும் இருந்தன. சில மாவட்டங்கள் மாணவரிடம் கட்டணம் கேட்டன. இலவசக் கல்வி என்றால் நாடகம், இசை, விளையாட்டு எல்லாம் சேர்த்துத்தான் இலவசம் என்று 1984-இல் ஹார்ட்செல் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. கட்டணம் போய் ‘நன்கொடை’ வந்தது. பெற்றோர் சேர்ந்து நடத்தும் ‘பூஸ்டர்’ மன்றங்கள் சாக்லேட் விற்கின்றன, கார் கழுவுகின்றன, ஆட்ட நாளில் தின்பண்டக் கடை போடுகின்றன. வசதியான வட்டாரத்தில் இந்த உண்டியல் சீக்கிரம் நிறைகிறது, ஏழை வட்டாரத்தில் நிறைவதில்லை. பேண்டின் தரமும் அப்படியே பிரிகிறது. 2022 நவம்பரில் அதே வாக்காளர்கள் 28-ஆம் முன்மொழிவை ஏற்று, கலை, இசைக் கல்விக்கென ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர் தனியே ஒதுக்கச் செய்தார்கள். பெரிய மாவட்டங்கள் அதில் 80 விழுக்காட்டை ஆசிரியர், பணியாளர் சம்பளத்துக்கே செலவிடவேண்டும் என்றும் கட்டுப்பாடு வைத்தார்கள். கருவி வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பழக்கம் தெரிந்தவர் யாரோ எழுதியிருக்கவேண்டும்.

நிமிடமும் பீப் ஒலியும்

உடற்கல்விக்கு மணிக்கணக்கோடு நிமிடக்கணக்கும் உண்டு. கலிஃபோர்னியாச் சட்டப்படி 7 முதல் 12 வரையான வகுப்புகளில் பத்துப் பள்ளி நாளுக்கு 400 நிமிடம். இல்லினாய் மாநிலம் வெகுகாலம் தினமும் உடற்கல்வி என்று விதித்திருந்தது. பின்பு ஐந்து நாளில் குறைந்தது மூன்று என்று தளர்த்தியது.

பீரியட் தொடங்கியதும் உடை மாற்றும் அறைக்கு ஓட்டம். பள்ளிப் பெயர் பொறித்த டி-சர்ட்டும் கால்சட்டையும் அணிந்து, சில நிமிடங்களில் தரையில் தனக்குரிய எண்ணில் வந்து உட்காரவேண்டும். உடை மாற்றாதவருக்கு அன்றைய புள்ளி போச்சு. பல பள்ளிகளில் ‘ஏ’ வாங்குவதும் தவறுவதும் திறமையைவிட இந்தச் சட்டையைப் பொறுத்தது. மூன்று வாரம் கைப்பந்து, மூன்று வாரம் கூடைப்பந்து, அப்புறம் பேட்மிண்டன், எடைப்பயிற்சி என்று பாடம் நகரும். இரண்டு அணி எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பந்தால் அடித்து வெளியேற்றும் டாட்ஜ்பால் ஒருகாலத்தில் உடற்கல்வியின் அடையாளம். வேகம் குறைந்த பிள்ளையைக் குறிவைத்து அடித்து உட்காரவைக்கும் ஆட்டம் பாடமாகாது என்று உடற்கல்வி ஆசிரியர்களின் தேசிய அமைப்பே பின்னர் அதை எதிர்த்தது.

உடற்கல்வி அரசியல் விஷயமானது 1950-களில். ஹான்ஸ் கிராஸ், சோன்யா வெபர் என்ற இருவர் ஆறு எளிய அசைவுகள் கொண்ட சோதனை ஒன்றை வகுத்தார்கள். முழங்கால் மடங்காமல் கால்விரலைத் தொடுவது அவற்றில் ஒன்று. அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 விழுக்காட்டினர் ஏதாவதொன்றில் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் 8.7 மட்டுமே. சோவியத்தோடு பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். தளபதியாக இருந்து அதிபரான ஐசன்ஹோவர் 1956-இல் இளைஞர் உடற்திறனுக்கென ஒரு மன்றம் அமைத்தார். அடுத்து வந்த கென்னடியும் அதைத் தூக்கிப்பிடித்தார். கலிஃபோர்னியாவின் லா சியரா உயர்நிலைப் பள்ளியில் உடற்திறனுக்கு ஏற்பக் கால்சட்டையின் நிறம் மாறியது. வெள்ளையில் தொடங்கி, சிவப்பு, நீலம் என்று ஏறவேண்டும். அதைப் பார்த்துப் பிற பள்ளிகளும் பின்பற்றின. 1966-இல் அதிபர் ஜான்சன் காலத்தில் ‘அதிபர் விருது’ வந்தது. புல்-அப், சிட்-அப், ஓட்டம் எல்லாவற்றிலும் நாட்டின் முதல் 15 விழுக்காட்டுக்குள் வந்தவருக்கே அந்தப் பட்டை. மற்ற 85 விழுக்காட்டினர் கம்பியில் தொங்கித் தவித்ததை வகுப்பே வரிசையில் நின்று பார்த்தது.

2012-13 கல்வியாண்டோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. பிறரோடு ஒப்பிடாமல் உடல்நலத்துக்குப் போதுமான அளவை மட்டும் பார்க்கும் ‘ஃபிட்னஸ்கிராம்’ முறை முன்னுக்கு வந்தது. அதன் புகழ்பெற்ற பகுதி 20 மீட்டர் ஓட்டம். மான்ட்ரியாலைச் சேர்ந்த லூக் லெஜே வகுத்த சோதனையிலிருந்து வந்தது அது. ஒலிப்பதிவில் ‘பீப்’ கேட்பதற்குள் ஒரு கோட்டிலிருந்து மறுகோட்டுக்கு ஓடவேண்டும். முதலில் ஒன்பது வினாடி கிடைக்கும்; நடந்தே போய்விடலாம் என்றுகூடத் தோன்றும். நிமிடத்துக்கு நிமிடம் அவகாசம் ஏறக்குறைய அரை வினாடி குறையும். இரண்டு முறை தவறவிட்டால் உட்காரவேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் வரும் அறிவிப்பு ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். இணையத்தில் அதை வைத்துச் செய்த கேலிக்கு அளவில்லை. 2025 ஜூலையில், ‘அதிபர் விருது’க்கான அந்தப் பழைய உடற்திறன் தேர்வை மீட்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார்.

இதற்கிடையே சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் பெண்பிள்ளைகளுடையது. அரசுப் பணம் பெறும் பள்ளிகளில் பால் பாகுபாட்டைத் தடுத்த 1972-இன் சட்டம் உடற்கல்வி வகுப்புகளை ஒன்றாக்கியது. மோதி ஆடும் ஆட்டங்களில் மட்டும் பிரிக்கலாம். வகுப்பு நேரத்துக்கு வெளியே பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 1971-72-இல் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கு மேல்.

உடற்கல்விக் கிரெடிட்டை வேறு வழியில் சம்பாதிக்கவும் இடமுண்டு. டெக்சஸில் நடைபேண்ட், சியர்லீடிங், ராணுவ மாதிரிப் பயிற்சி ஆகியவற்றை அதற்கு ஈடாகக் காட்டலாம். வெளியே முறையாக ஜிம்னாஸ்டிக்ஸோ நடனமோ பயில்பவர்களுக்கும் சில மாவட்டங்கள் விலக்கு தருகின்றன. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதில் மனக்குறை உண்டு: டியூபா சுமப்பது உழைப்புதான், ஆனால் நாற்பது வயதில் உடம்பைப் பேணும் வழி அதில் கற்பிக்கப்படுவதில்லை என்பது அவர்கள் வாதம். பேண்ட் ஆசிரியர்கள் ஆகஸ்ட் வெயிலைச் சுட்டிக்காட்டுவார்கள்.

கலிஃபோர்னியாவில் பள்ளியை முடிக்க உடற்கல்வி இரண்டாண்டு வேண்டும். 9-ஆம் வகுப்பில் நடக்கும் உடற்திறன் தேர்வில் தேறியவருக்கு, மாவட்டம் சம்மதித்தால், 10 முதல் 12 வரையான வகுப்புகளில் இரண்டாண்டு விலக்கு கிடைக்கலாம். காலியாகும் அந்தப் பீரியடில் இன்னொரு விருப்பப் பாடம் வந்து உட்காரும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கணினிக்கும் ஒரே ஆண்டில் இடம் தேடும் 14 வயதுப் பிள்ளை அந்தப் பீப் ஒலிக்கு முன்னால் கோட்டைத் தொட மூச்சிரைக்க ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.